அவருக்கு விழாத என் ஓட்டு

என் கணவருக்கு நான் ஓட்டுப் போடவில்லை.

சொல்லிவிட்டேன். இத்தனை காலம் யாரிடமும் சொல்லாதது... என்னை அறியாதவர் நீங்கள். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

அவர் கோவில்பட்டியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக அலைந்து இந்தக் கரிசல் பூமியின் சரித்திரத்தை எழுதியவர். எட்டயபுரம் அரண்மனையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால், அந்த அரண்மனைக்கு வரி கட்டியவர்களைப் பற்றி இருபது பக்கம் எழுதுவார்.

நகராட்சித் தேர்தல் வந்தபோது, எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். பின்தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட வேண்டும், அங்கே குடியிருப்பவர்கள் இன்னார் என்பதற்காகவே போடாமல் வைத்திருக்கிறார்கள் என்றார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை அவருக்கு!

எங்கள் சாதிச் சங்கத்துப் பெரியவர்கள் வீடு தேடி வந்தார்கள்.

"சங்கத்துக்கு வந்து ஒரு மாலையப் போட்டுக்கோங்க சார். நம்ம ஆளுக ஓட்டு மொத்தமும் ஒங்களுக்குத்தான்."

"ஓட்டு வேணும் அண்ணாச்சி. ஆனா மனுசனாப் போடுங்க. சாதியாப் போடாதிய," என்றார் இவர்.

அவர்கள் காபியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் வேட்டியெல்லாம் மண்ணாக வந்து நின்றார். முழங்கை வீங்கியிருந்தது. "வண்டி வழுக்கிட்டு," என்று சிரித்தார். மழை பெய்யாத நாளில் கரிசல் வழுக்காது... யாரோ ஸ்கூட்டரோடு பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள் என்று பின்தெருப் பெண் ஒருத்தி மறுநாள் சொன்னாள். அவரிடம் நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. வெந்நீர் ஒற்றடம் கொடுத்தேன். அந்தக் கை என் கைக்குள் எவ்வளவு மெலிந்து கிடந்தது!

ஓட்டுப் போடும் நாள் காலையில், புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருக்கும் என் தம்பி போன் செய்தான். அவன் குடும்பத்துக்கு இன்னும் எங்கள் வார்டில்தான் ஓட்டு.

"எக்கா, நாங்க எல்லாரும் பஸ் ஏறுதோம். அத்தானுக்குப் போட்டுட்டு மத்தியானமே திரும்பிருவோம்."

"வேண்டாம்டா. ஆர்டர் வேலையக் கெடுத்துக்கிடாத. அத்தான் எப்படியும் ஜெயிச்சிருவாவ."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்!

சாவடியில் அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றேன். அவருடைய சின்னத்தின் மேல் விரல் போய் நின்றது. பிறகு பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். அவர் தோற்க வேண்டும் என்றா? இல்லை... அவர் முழுசாக வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்றுதான். இரண்டுக்கும் அங்கே ஒரே பொத்தான்தான் இருந்தது.

கொஞ்ச ஓட்டில் தோற்றார். என் ஓட்டும் தம்பி வீட்டு ஓட்டுகளும் விழுந்திருந்தால் ஜெயித்திருப்பார். வென்றவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊரே விட்டாலும் நீ விடல பாத்தியா. எனக்கு அது போதும்ட்டி."

அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பின்தெருவுக்குக் குழாய் இன்றும் வரவில்லை. அந்தப் பெண்கள் குடங்களோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இவர் மோட்டார் போடுகிறார், நான் ரப்பர் குழாயைக் குடங்களில் பிடிக்கிறேன். "சார் ஜெயிச்சிருந்தா ஒங்களுக்கு இந்தச் சிரமம் இல்லைலா எக்கா," என்கிறார்கள். தலை நிமிர்த்தி அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இவர் வாசலில் நின்று அவர்களோடு பேசிச் சிரிப்பதைக் கேட்கும்போது, செய்தது தப்பு என்று முழு மனதோடு சொல்லவும் வாய் வரவில்லையே... நான் எப்படிப்பட்டவள்?

போன வாரம் அடுத்த தேர்தல் பேச்சு வந்தது.

"நிக்கட்டுமா? நீ சரின்னாத்தான்."

"நில்லுங்க," என்றேன், வாசலில் வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்தபடி.

முகம் மலர்ந்துபோய் உடனே என் தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மாப்ள, இந்தத் தடவை மொத நாளே வந்திரணும்."

"போன தடவையே கெளம்பி நின்னோம் அத்தான். அக்காதான் வேண்டாம்னு..."

அவர் ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சரி மாப்ள, அதுக்கென்ன," என்றார். பேசி முடித்து என்னைப் பார்த்தார்.

"காபி குடிக்கியா? நானே போடுதேன்."

இன்றுவரை அவர் எதுவும் கேட்கவில்லை. தம்பியைத் தடுத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. பொத்தான் விஷயம் தெரியாது. அவர் கொண்டுவந்து தந்த காபியை, சர்க்கரை போட மறந்திருந்த அந்தக் காபியை, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.