கொக்கி பிடித்த பிறகு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து இரண்டாவது ஞாயிறு, பிற்பகல் மூன்று இருபது. இடம், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டு அறை. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், அந்த நிமிடம் நான் நோட்டும் பேனாவுமாக அதைக் குறித்துக்கொண்டு நின்றதுதான்.

நாங்கள் பட்டு நெசவுக் குடும்பம். தறி வேலை போக எனக்கிருந்த ஒரே பைத்தியம் கணினியில் விமானம் ஓட்டுவது. யாரோ ஓர் ஆர்வலர் இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருந்த பழைய போர் விமானம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை விமானம் தாங்கிக் கப்பலில் இறக்க ஆசை. கப்பலின் தளம் மிகக் குறுகியது. விமானத்தின் வாலடியில் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தைப் பிடித்தால்தான் விமானம் நிற்கும். என் விமானத்தில் கொக்கியே இல்லை. அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து, கொக்கி எந்த இடம், என்ன நீளம், என்ன கோணம் என்று நானே எண்களை எழுதிச் சேர்த்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் குறித்தேன். ஒன்றரை மாதம் விமானம் கடலில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு நாள் கொக்கி பிடித்தது.

அதோடு விட்டிருக்கலாம். வடம் பிடிக்கும் கணத்தில் இருக்கையின் வார் விமானியின் நெஞ்சை இறுக்கும் என்று படித்திருந்தேன். அந்த இறுக்கம் உடம்பில் தெரிய வேண்டும் என்று தோன்றிவிட்டது. தென்னேரியில் டிராக்டர் மெக்கானிக்காக இருக்கும் நண்பர் பழைய லாரியின் வைப்பர் மோட்டாரும் பேட்டரியும் கொண்டுவந்தார். என் மனைவிக்கும் அதே ஊர். அவரை அண்ணன் என்பாள். அதனால் எனக்கு மச்சான். நாற்காலியின் முதுகுப்புறம் மோட்டாரைப் பொருத்தினோம். நெஞ்சைச் சுற்றிவரும் நைலான் நாடாவின் இரு நுனிகளையும் மோட்டாரின் உருளையில் முடிந்தேன். கொக்கி பிடித்ததும் கணினி மோட்டாரை ஓட்டும், நாடா இறுகும்.

"மோட்டார் குடுத்தவன் நானு. மொதல்ல நான்தான் எறங்குவேன் மாப்ள" என்று மச்சான் உட்கார்ந்துகொண்டார்.

"வயித்த உள்ள இழு மச்சான், கப்பல் முழுகிடப் போவுது" என்றபடி மேல்கைகளையும் சேர்த்து நாடாவை மாட்டினேன்.

நான் பக்கத்தில் நின்று விசைப்பலகையால் விமானத்தை இறக்கினேன். கொக்கி பிடித்தது. நாடா இறுக, "அப்பா!" என்றார். நான் நேரத்தை எழுதினேன். திரையில் விமானம் நின்றுவிட்டது. மோட்டார் நிற்கவில்லை.

கொக்கி வடத்தைப் பிடித்திருக்கும் வரை மோட்டார் ஓட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். விமானம் நின்றாலும் கொக்கி தானாக விடாது. விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்தி அதை மேலே தூக்க வேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். மோட்டாரை இணைத்தபோது நினைவுக்கு வரவில்லை.

"போதும்பா" என்றார். அப்புறம், "நிறுத்து மாப்ள." அதற்குப் பிறகு குரல் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. விசைப்பலகையை நோக்கி நீண்ட விரல்கள் எட்டாமல் காற்றைப் பிறாண்டின.

நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கலாம். பேட்டரி ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். தறியில் இழை சிக்கினால் எங்கள் வீட்டில் யாரும் வெட்ட மாட்டோம். நுனியைத் தேடி, நகத்தால் நெருடிப் பிரிப்போம். சிறு வயதிலிருந்து பழகிய விரல்கள் என்னைக் கேட்காமலே முடிச்சுக்குப் போயின. அதுவோ இறுகிக்கொண்டே போனது. என் முகத்துக்கு நேராக அவருடைய முதுகு நடுங்கியது. பிறகு நடுக்கமும் குறைந்தது.

மோட்டார் முக்கும் சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். "இன்னாங்க பண்றீங்க? அண்ணன் மூஞ்சியப் பாருங்க!" ஒயரை அவள்தான் பிடுங்கினாள். மோட்டார் நின்றது, ஆனால் நாடா தளரவில்லை. அந்த வகை மோட்டார் பின்பக்கம் சுழலாது. சமையலறைக்கு ஓடிக் கத்தியோடு திரும்பினாள்.

அப்போது நான் சொன்னேன்: "வெட்டாத. தோ, அவுந்துடும்."

அவள் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில், சிக்கிய இழையைக் கத்தரித்துவிட்டு எங்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கியவள். "தள்ளுயா!" என்றாள். அதற்கு முன்னும் பின்னும் என்னிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. இரண்டே அறுப்பில் நாடா அறுந்தது. மச்சான் முன்னால் சரிந்து, துணி கிழிவது போன்ற சத்தத்தோடு மூச்சை இழுத்தார்.

இரண்டு விலா எலும்புகளில் விரிசல். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், என் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மச்சான் தேறிவிட்டார். இப்போதும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "என் உசுர விட இவருக்கு நாடா பெருசுபா. தங்கச்சி மட்டும் இல்லன்னா, கப்பல்லயே எனக்குக் காரியம் பண்ணியிருப்பாரு." கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மறதியால் எழுதாமல் விட்ட வரியை என்னால் மன்னிக்க முடிகிறது. ஆனால், ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கும்போது "வெட்டாத" என்று சொல்லவைத்தது என் நல்ல பழக்கம். நான் பெருமையாக நினைக்கும் பழக்கங்களில் இன்னும் எதெது எனக்குள் அப்படிக் காத்திருக்கிறதோ என்ற பயம் இன்றுவரை என்னை விடவில்லை.