வெடிக்காத வெடிக்கு வசந்தா என்று பேர்

பட்டாசுக் கம்பெனியில் காலை வேன் வந்து நின்றதும் நோட்டைப் பார்த்துப் பேர் வாசிக்கிறதுதான் என் வேலை. உங்களில் யாராவது பேர் வாசித்துப் பிழைக்கிறவர்கள் இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று புரியும்.

சோதனைக் களம்

அனுப்புகிற சரக்கில் கொஞ்சம் எடுத்துக் கொளுத்திப் பார்ப்பது மாரியப்பன். திரி எரிந்தும் வெடிக்காமல் கிடந்தால் அதற்கு எங்கள் பக்கம் ‘வசந்தா’ என்று பேர். எந்த வசந்தாவை வைத்து வந்ததோ, யாருக்கும் தெரியாது. நானும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் மாரியப்பன் கணக்குச் சொல்வார்: “அக்கா, இன்னைக்கு நாலு வசந்தா!”

புது ஆள்

போன சீசனுக்கு முன்னால் ஏழாயிரம்பண்ணை வேனில் ஒருத்தி வந்து இறங்கினாள். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். ஆதாரைப் பார்த்துப் பேரை எழுதும்போதே எனக்குக் கை தயங்கியது. மறுநாள் வாசித்தேன். “வசந்தா!” ஆம்பளைகள் பக்கம் ஒரே சிரிப்பு. புது ஆள் வந்த சந்தோஷம் என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் சிரித்தாள்.

மூன்றாம் நாள் யாரோ அர்த்தத்தைச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருசம், குழந்தையில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: “எங்க மாமியா தினம் நீட்டி முழக்கிச் சொல்லுததை இங்கன ஒத்த வார்த்தையில சொல்லுதாகளாக்கா?”

நாற்பத்து மூன்று

அன்றோடு அவள் பேரை விட்டுவிட்டு டோக்கன் நம்பரை வாசித்தேன். “நாற்பத்து மூணு.” “இருக்கேன்க்கா.” பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சாயங்காலம் மாரியப்பன் வந்து நின்றார்: “அக்கா, இன்னைக்கு அஞ்சு நாப்பத்திமூணு!”

சத்தமாக வாசிக்கச் சொன்னது

ஒரு நாள் வேனை விட்டு இறங்கியதும் நேராக என்னிடம் ஓடிவந்தாள். முகமே வேறாக இருந்தது. நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஆஸ்பத்திரியிலும் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “இனி நம்பர் வேண்டாம்க்கா. எம் பேரையே வாசிங்க. நல்லா சத்தமா வாசிங்க.”

சிரிப்பு நின்ற காலை

ஒன்றரை மாதம் அவள் பேரைத்தான் சத்தமாக வாசித்தேன். இரண்டு மூன்று பேர் அப்போதும் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள். பிறகு ஒரு வாரம் ஆளைக் காணோம். அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். கரு தங்கவில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேரை வாசிப்பதா, நம்பரை வாசிப்பதா? ரெண்டையும்தான் கெடுத்து வைத்திருக்கிறோமே. கடைசியில் பேரை வாசித்தேன். ஒரு சிரிப்பு இல்லை. மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பரவாயில்லை, மனுசங்கதான் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் வேலை அறைக்குப் போகாமல் என்னிடம் வந்தாள். “சிரிச்சப்பல்லாம் வெடியத்தான் சொல்லுதாகன்னு மனசத் தேத்திக்கிடுவேன்க்கா. இன்னைக்குத்தான் என்னையவே சொல்லுதாகன்னு பட்டுச்சு.”

அடுத்த சனிக்கிழமையோடு வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

காலண்டர் ஆபீஸ்

சமீபத்தில் சிவகாசியில் ஒரு காலண்டர் ஆபீசுக்குப் போனபோது, அவள் அங்கே தேதித்தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். மாரியப்பன் இப்போது “மூணு வெடிக்கலக்கா” என்றுதான் சொல்கிறார் என்றேன். கேட்டுக்கொண்டே தாளை அடுக்கினாள். “இங்கன எப்படிம்மா இருக்கு?” என்றேன். வாசல் பக்கம் கையைக் காட்டினாள். “இங்கன பேரு வாசிக்க ஆளே கெடையாதுக்கா. மிஷின்ல வெரல வச்சாப் போதும், உள்ள வந்துரலாம்.”

அந்த மிஷின் வந்தால் நம் பிழைப்பு போய்விடும் என்று பேர் வாசிக்கிற நீங்களும் நானும் பயந்துகொண்டிருக்கிறோம். அதே மிஷினால் ஒருத்திக்கு மூச்சு விட இடம் கிடைத்திருப்பதைப் பார்த்த பிறகு, அந்தப் பயத்தைக்கூட என்னால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.