கரண்ட் வந்துட்டா?

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மே மாதத்தில் நடந்தது இது. டெல்லி கிட்வாய் நகரில், என் கணவருக்குக் கொடுத்திருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அப்போது நாங்கள் இருந்தோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எங்கள் பெண், பிறகு என் கணவரின் அக்கா.

அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதிலேயே டெல்லிக்கு வந்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்தவர். தம்பியை அழைத்துவந்து படிக்கவைத்து, வேலை வாங்கி, எனக்குக் கட்டியும் வைத்தவர் அவர்தான். தான் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "டியூட்டி மாத்தி டியூட்டி வந்துக்கிட்டே இருந்துச்சு, மறந்துட்டேன்" என்பார். ரிட்டயர் ஆனதும் எங்களோடு வந்துவிட்டார். காலனியில் யாருக்கு ஊசி போட வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "இப்ப கையப் பிடிக்கப் போறேன். இப்ப குத்தும்." வலிக்காது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என் பெண்ணுக்கு எண்ணெய் தேய்க்கும்போதும், "இப்பத் தலையைச் சாய்க்கப் போறேன், இப்பக் காதுல எண்ணெய் படும்" என்று ஓயாமல் பேச்சுதான். "புவா, முஜே பதா ஹை", எனக்குத் தெரியும் என்று அது இந்தியில் சலித்துக்கொள்ளும். அப்பாவின் அக்காவை இந்திக்காரப் பிள்ளைகள் மாதிரி புவா என்றுதான் அழைக்கும் அது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சலிப்புதான். வாய் வலிக்காதா இந்த மனுஷிக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மே மாதத்தில் என் கணவர் ஆபீஸிலிருந்து திரும்பும்போது ஸ்கூட்டர் சறுக்கி ரோட்டில் விழுந்துவிட்டார். தலையில் அடி. ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஆபத்தான கட்டம் தாண்டிவிட்டது என்று வார்டுக்கும் மாற்றினார்கள். ஆனால் கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் அசைவில்லை. "காத்திருந்துதான் பார்க்க வேண்டும், முழிப்பு வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நான் இடிந்துபோனேன்.

மதினி இடிந்துபோகவில்லை. பார்வையாளர் நேரம் வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"ஏல, அக்கா வந்திருக்கேன். இன்னைக்குச் செவ்வாய்க்கெழம. ஒனக்குத் தலையில அடி. ஆபரேஷன் ஆயிட்டு. நீ ஆஸ்பத்திரில கெடக்க. இப்ப ஒன் கால நீட்டி மடக்கப் போறேன்."

இப்படியே தினமும். ஊர்க் கதை, காலனிக் கதை, வெயில், கத்தரிக்காய், எல்லாம். எங்கள் காலனி டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனதையும் ஒரு நாள் சொன்னார். "கரண்ட் இல்லல. பிரிட்ஜுல இருந்த மாவு பொங்கிப் பாதி கொட்டிட்டு. ஒன் பொண்டாட்டி அதத் தொடச்சுட்டு வந்து ஒக்காந்திருக்கா." மறுநாளும் அதேதான். கரண்ட் இன்னும் வரவில்லை, மொட்டை மாடியில் படுக்கிறோம், எதிர்வீட்டு சர்தார்ஜி கம்ப்ளெயிண்ட் கொடுத்திருக்கிறார் என்று சீரியல் கதை மாதிரி தொடர்ந்து ஓடியது.

என்னையும் பேசச் சொன்னார். குனிந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். மூக்கில் குழாய் போட்டுப் படுத்திருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது? மதினி திட்டவில்லை. "அவன்ட்ட கேட்டது போதும். நீ என்ன சாப்பிட்டன்னு சொல்லு" என்றார். தயிர்சாதம் என்று சொன்னேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்ததும், "மதினி, நிஜமாவே அவருக்குக் கேக்குமா?" என்று கேட்டேன்.

"கேக்கும்னும் எனக்குத் தெரியாது, கேக்காதுன்னும் தெரியாது" என்றார். "கேக்காதுன்னு நெனச்சு நாம வாய மூடிக்கிட்டு நிக்கோம்னு வை. அவன் கேட்டுக்கிட்டுக் கெடந்தான்னா?"

என் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் பார்க்க வந்தது இதற்கு மறுநாள். தங்கமான மனுஷர். ரத்தம் கொடுக்க முதல் ஆளாக ஓடிவந்தவர். ஆனால் டெல்லித் தமிழர்களாகிய எங்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டே, சுற்றி இருப்பவர்களுக்கு இந்திதானே தெரியும் என்று பஸ்ஸிலும் கடையிலும் எதை வேண்டுமானாலும் தமிழில் சத்தமாகப் பேசிவிடுவோம். கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நடுவில் என் கணவர் கிடக்கிறார். நண்பர் சாதாரணக் குரலில் ஆரம்பித்தார்.

"மனச திடப்படுத்திக்குங்கம்மா. ஏதாவது ஒண்ணுன்னா ஊருக்குக் கொண்டுபோறதா, இங்கேயே முடிச்சுடறதான்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கறது நல்லது. ரயில்ல கொண்டுபோறதுன்னா ஏகப்பட்ட ஃபார்மாலிடி இருக்கு."

என் கணவரின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த மதினி கையை எடுத்தார்.

"சார், மெதுவா. இந்த வார்டுல தமிழ் தெரிஞ்சவங்க இருக்காங்க."

நண்பர் சுற்றிலும் பார்த்தார். டேபிளில் எழுதிக்கொண்டிருந்த கேரளத்து சிஸ்டர் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "சாரிம்மா, அந்த சிஸ்டருக்குத் தெரியும்ல" என்றார்.

"சிஸ்டர விடுங்க. கட்டில்ல கெடக்கவனுக்கும் தெரியும்."

நண்பரின் முகம் வெளிறிவிட்டது. வெளியே போய்விட்டார். மதினி தம்பியின் காதருகே குனிந்து, நண்பர் பேசியதைக்கூட மறைக்காமல் சொன்னார். "அவர் பயத்துல பேசிட்டாரு, நீ பயப்படாத. ஒன்ன எங்கயும் கொண்டுபோகப் போறதில்ல, வீட்டுக்குத்தான் கொண்டுபோவோம். இப்ப அடுத்த கால மடக்கப் போறேன்."

அதற்குப் பிறகும் நாட்கள் போயின. எனக்கு நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. மதினியின் பேச்சு மட்டும் தேயவில்லை. ஒரு சாயங்காலம் அவர் வழக்கம்போலக் கிழமையைச் சொல்லி, வெயிலைத் திட்டிவிட்டு, என் கணவரின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. பஞ்சு பட்டதால் அசைந்தது என்றுதான் நான் நினைத்தேன். மறுபடியும் அசைந்தது. மதினி அப்படியே நின்றுவிட்டார்.

"என்னல? அக்காட்டச் சொல்லு."

காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. "கரண்ட்... வந்துட்டா?"

என் வாழ்நாளில் நான் கேட்ட எந்த மந்திரமும் அதற்கு ஈடில்லை. மதினி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்போதும் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இல்லல... இன்னும் வரல" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பக்கத்துக் கட்டில் பஞ்சாபி அம்மா பதறிப்போய், "க்யா போலா, க்யா போலா?" என்று, என்ன சொன்னார் என்று கேட்டார். "பிஜ்லி ஆயீ க்யா, பூச் ரஹே ஹைன்", கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்கிறார் என்றேன். அந்த வார்டே சிரித்தது. கேரளத்து சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்து அந்த நண்பர் பழங்களோடு வந்தார். என் கணவருக்குப் பேச்சு கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் வந்தது. நண்பரைப் பார்த்ததும் சிரித்தபடி, "ரயில் ஃபார்மாலிடி எல்லாம் வேண்டாம் சார். நானே டிக்கெட் எடுத்து ஊருக்குப் போயிக்கிறேன்" என்றார்.

அந்தப் பேச்சை நானோ மதினியோ வீட்டில் எடுத்ததே இல்லை. நண்பர் கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மதினிதான், "காப்பியக் குடிங்க சார், ஆறிரும்" என்று டம்ளரை நீட்டி நிலைமையைச் சரிசெய்தார்.

எல்லாமே கேட்டதா என்று பிறகு என் கணவரிடம் கேட்டேன். இல்லையாம். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி இருந்ததாம். பாதி புரியவில்லை. "ஆனா அக்கா குரல் நிக்கவே இல்ல. அந்தப் பக்கமாப் போகணும், போகணும்னு மட்டும் இருந்துச்சு" என்றார். எத்தனை வருஷ டியூட்டியில், எத்தனை பேர் தலைமாட்டில் நின்று, கேட்குமோ கேட்காதோ என்று தெரியாமலே இந்த மனுஷி இப்படிப் பேசியிருப்பார் என்று எனக்கு அன்று தோன்றியது. ஒரே வீட்டில் இத்தனை நாள் கூட இருந்தும், யாரோடு இருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சில வருடங்கள் கழித்து, ஜனவரிப் பனியில், காலைக் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்த மதினி எழுந்திருக்கவில்லை. காலனிப் பெண்கள் அவரைக் குளிப்பாட்டக் கூடினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தியும் அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தியும், எத்தனை மணிக்கு எடுப்பது, யார் யார் வர வேண்டும் என்று அவருக்கு மேலாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் தண்ணீர் காயவைத்துக் கொண்டுவந்தது என் கணவர். வாசலில் நின்று, "வெந்நீர் கொண்டாந்திருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வாளியை என்னிடம் கொடுத்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். நான் குனிந்து மதினியின் காதருகே சொன்னேன். "மதினி, நாந்தான். இப்பத் தண்ணி ஊத்தப் போறேன். மொதல்ல தோள்ல படும்."

இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடக்கும் யாரைப் பார்க்கப் போனாலும், சுற்றி நிற்பவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று, முதலில் அவரிடம் நான் யார் என்று சொல்லி, இன்று என்ன கிழமை என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் எந்தக் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறாரோ, யார் கண்டது.