வசதியா இருக்கீங்களா?

எங்கள் வீட்டில் என் தங்கைக்குப் பெயர் தொணதொணா. சிறுவயதில் கேள்வி கேட்டே ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். பஸ்ஸில் ஏறினால், பக்கத்து இருக்கைக்காரரின் குடும்பச் சரித்திரத்தோடுதான் இறங்குவாள். இப்போது கேள்வி கேட்பதற்கே சம்பளம் வாங்குகிறாள். நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். பூட்டு, சாவிக் கடை வைத்திருக்கிறேன். அவள் சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். சாவி போட வருகிறவர்களிடம்கூட இதை நான் சொல்லிவிடுவதாக என் மனைவி கிண்டல் செய்வாள். சொன்னால் என்ன?

பழைய அடுக்குமாடி வீடுகளை இடிக்காமல், மின்சாரச் செலவு குறையும்படி எப்படிப் புதுப்பிக்கலாம் என்று ஒரு குழு ஆராய்கிறது. கட்டட இன்ஜினியர் ஒருவர் தலைவர். மின்சாரக் கணக்குப் பார்க்க ஒருவர், குடியிருப்பவர்களின் தூக்கத்தையும் மூச்சையும் கவனிக்க ஒரு டாக்டர். அவர்களிடம் உட்கார்ந்து பேச என் தங்கை.

ஒரு வாடகைக் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டடங்கள். முதல் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்கத் தெர்மாகோல் பலகை ஒட்டி, மேலே பூசினார்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டு, காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்தார்கள். அது பலன் தந்தால்தான் இரண்டாவதற்கும் அதே வேலை. அங்கே மேற்குப் பார்த்த வீடுகளில் சாயங்காலம் சுவரில் கை வைக்க முடியாது.

பலன் வந்தது. அறைகளில் சூடு குறைந்திருப்பதாக வெப்பமானிகள் காட்டின. மின் கட்டணமும் இறங்கியது. என் தங்கையின் கேள்வித்தாள் மட்டும் மாற்றிச் சொன்னது. வசதியாக இருக்கிறோம் என்று பதில் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

"அறை நல்லா இருக்கு, ஆளுங்க நல்லா இல்லைன்னா எப்படிம்மா?" என்று இன்ஜினியர் கேட்டாராம். "குடியிருக்கறவங்களுக்குப் பிடிக்கலைன்னு எழுதினா, அடுத்த கட்டடத்தைக் கைவிட்டுடுவாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டின் வாசல் பூட்டு இறுகிக்கொண்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். தங்கையும் வண்டியில் ஏறிக்கொண்டாள். அது ஒரு தையல்காரம்மாவின் வீடு. நான் வாசலில் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே தங்கை தாளில் இருந்தபடியே கேட்டாள்.

"அக்கா, இந்த வேலைக்கு அப்புறம் வசதியா இருக்கீங்களா?"

"எங்களுக்கு ஏதும்மா வசதி? அன்னிக்கும் கைக்கும் வாய்க்கும்தான், இன்னிக்கும் கைக்கும் வாய்க்கும்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வசதின்னு எழுதிடாதே கண்ணு. வாடகையை ஏத்திடப் போறாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள்.

"அக்கா, நான் காசைக் கேக்கலை. வீட்டுக்குள்ள வெக்கை எப்படி இருக்கு?"

"அதை முதல்லயே கேக்கறதுக்கென்ன? முன்னாடி மத்தியானம் மிஷின்ல உக்காந்தா முதுகு நனைஞ்சுடும். இப்போ தைச்சுக்கிட்டே கண்ணு சொக்குது. ஊசி விரல்ல ஏறாம இருக்கணும், அவ்வளவுதான்!"

திரும்பும்போது தங்கை மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கேள்வியை எழுதினது நான்தான்ணா. வீடு வீடா போய் வரும்படி விசாரிச்சிட்டு வந்திருக்கேன்."

"வார்த்தையைச் சத்தமில்லாம மாத்திடேன்."

"மாத்தினா ஏன்னு கேப்பாங்க. உண்மையைச் சொன்னா, இவ எதுக்குன்னு என்னைக் கழட்டி விட்டுடுவாங்க. சொல்லலைன்னா, பக்கத்துக் கட்டடத்துல இருக்கறவங்க வெந்துக்கிட்டே கிடப்பாங்க."

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. போனை எடுத்து இன்ஜினியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவருடைய குரல் வெண்கலக் குரல். எனக்கும் கேட்டது.

"அப்போ இத்தனை நாள் நாம கேட்டது?"

"வீட்டைப் பத்தி இல்ல சார். தப்பு என்னோடது."

அவர் பெருமூச்சு விட்டார். "என் வீட்டம்மாகிட்ட கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பா. நானும் அந்தத் தாளைப் படிச்சவன்தானே? அடுத்த கட்டடத்தை முடிவு பண்ற கூட்டத்துக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் மறுபடி கேக்கணும். நாலு பேரும் சேர்ந்தே போவோம். இந்த முழங்காலோட என்னைப் படியேற வெக்கறே!"

ஏறினார்கள். வெக்கை உண்டா, மத்தியானம் படுத்தால் தூக்கம் வருகிறதா என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மேல்மாடிக்காரர்கள்தான் பிடித்துக்கொண்டார்கள். "சுவர் ஆறிடுச்சு, தலைக்கு மேல தளம் வேகுதே, அதை யார் கேக்கறது?" அவள் அதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதினாள். பழைய பதில்களை ஏன் தள்ள வேண்டும் என்பதையும் தன் பெயர் போட்டே எழுதினாள்.

கூட்டம் முடிந்த அன்று கடைக்கே வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"பக்கத்துக் கட்டடத்துக்கும் செய்யறாங்க. முதல்ல மொட்டை மாடி, அப்புறம் சுவர்."

"உன்னை?"

"கேள்வி கேக்க ஆள் வேணுமாம், இருக்கச் சொல்லிட்டாங்க. ஆனா இனிமே எந்தத் தாளையும் முதல்ல அந்தத் தையல்கார அக்காகிட்ட படிச்சுக் காட்டணுமாம். டாக்டரோட யோசனை."

"அந்தம்மா சரின்னுட்டாங்களா?"

"கூலி எவ்வளவுன்னு கேட்டாங்க."