ஆரபியின் வாசிப்புச் சோதனைக்குத் துணை போன பயணம்

ஸ்தவாங்கரிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் எட்டு மணி நேரம். மலையும் கடலும் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜன்னலோர இருக்கை எடுங்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை, அக்காவின் தொலைபேசிக்குப் பதில் சொல்லியே வந்து சேர்ந்தேன். போன மாசியில் அவளுடைய மகள் ஆரபியின் பள்ளிக்கூடச் சந்திப்புக்குத் துணையாகப் போன பயணம் இது. பஸ் ஓட்டும் அத்தானுக்கு அன்று காலை வேலை.

ஆரபிக்கு ஏழு வயது. வாசிக்கத் தடுமாறுகிறாளோ என்று ஆசிரியைக்குச் சந்தேகம். இங்கே சின்ன வகுப்புகளில் வாசிப்பிலோ கணக்கிலோ பின்தங்கும் பிள்ளைகளைச் சில கிழமைகள் சிறு குழுவாக எடுத்து, அரசாங்கச் செலவில் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். கையெடுத்துக் கும்பிட்டு வாங்க வேண்டிய உதவி. அக்காவுக்கோ தலையில் இடி விழுந்த மாதிரி.

"கோயிலிலை சனம் என்ன கதைக்கும், தம்பி? பிள்ளையை மொக்குக் குறூப்பிலை போட்டிட்டினம் எண்டு சொல்லாதோ?"

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் சுரங்க ரயிலில் ஆறு தரிப்பு, பத்து நிமிடம். வெளியே உறைபனி. பெட்டிக்குள்ளும் அக்கா விடவில்லை. "முதலிலை இருந்து சொல்லு." தேவாரப் போட்டிக்குத் தயார்படுத்துவது போல வாசிப்புப் புத்தகம் முழுவதையும் பாடமாக்க வைத்திருக்கிறாள்! ஆரபி கண்ணை மூடிக்கொண்டு நொர்வேஜிய வசனங்களை ஒப்புவித்தாள்.

"அக்கா, இப்பிடிச் செய்தால் அவளுக்கு உதவி கிடைக்காமல் போகும்."

"நீ சும்மா இரு. வீட்டிலை நான் படிப்பிப்பன்."

உண்மையைச் சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் பிள்ளை அப்படியே பின்தங்கிப் போவாள்.

ஆசிரியை அதே புத்தகத்தைத்தான் கொடுத்தார். ஆரபி தடங்கலில்லாமல் தொடங்கினாள். அக்காவின் முகம் மலர்ந்தது. உதவி தேவையில்லை என்று எழுதத்தான் ஆசிரியை பேனாவை எடுக்கிறார் என்று நினைத்தேன்.

அப்போது ஆரபி இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். திறந்த பக்கத்தில் படகுப் படம், பிள்ளையின் வாயில் இன்னும் நாய்க்குட்டிக் கதை. ஆசிரியை குனிந்து பக்கத்தைப் பார்த்தார். மெல்லப் புத்தகத்தை வாங்கி மூடினார். ஆரபி நிறுத்தவில்லை, கடைசி வரி வரை சொல்லி முடித்தாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிரியை கோபிக்கவில்லை. "அருமையான ஞாபகசக்தி," என்று நொர்வேஜிய மொழியில் சொன்னார். "திங்கட்கிழமையே வாசிக்கப் பழகத் தொடங்கலாம்."

ஆரபி தாயை மட்டும்தான் பார்த்தாள். "அம்மா, இனி எனக்குத் தெரியாது எண்டு சொல்லலாமோ?"

இப்படியான சந்திப்புக்குப் போகிறவர்கள் பனிக்காலத்தில் கால் மணி முன்னதாகவே புறப்படுங்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டியிருக்கும், ஓட்டையில்லாத காலுறை போடுங்கள். மொழி தெரியாவிட்டால் முன்கூட்டியே கேளுங்கள், மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்கு செய்வார்கள். பிள்ளையை மட்டும் பாடமாக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆரபி கேட்டதை உங்கள் பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வாய் வராது. அன்று அக்கா பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.