ஐஸில் அழியாத மை

1992 ஜூன் 13, சனிக்கிழமை. காலை ஏழு நாற்பதுக்கு அம்மாவும் நானும் ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். எனக்கு ஒன்பது வயது. பையில் தயிர்சாதம், கணக்கு நோட்டு, அடிக்குச்சி. அப்பாவுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால், அம்மாவின் ஆய்வுக்கூடத்தில் எனக்கென்று ஒரு மூலை இருந்தது.

வீட்டுக்குள் முட்டைகூட வரவிடாத அம்மா, அங்கே ஆட்டு ஈரலை அரைத்து, அதிலிருந்து ஒரே ஒரு என்சைமைத் தனியாகப் பிரித்தெடுத்தாள். அதற்காக இரண்டு வருடம் குளிர் அறையில் ஸ்வெட்டரோடு நின்றிருக்கிறாள். அவளுடைய வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும் கையெழுத்து, ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியருடையது.

என் எழுத்து நேராக இருக்கும். அதனால் சோதனைக் குழாய்களில் எண் எழுதுவது என் வேலை. கறுப்புப் பேனாவைத் தரும்போதெல்லாம் அம்மா, "ஐஸ்ல போட்டாலும் அழியாது, பாத்து எழுது" என்பாள்.

அன்று மேஜைமேல், பிளாஸ்டிக் ஒட்டிய பெரிய போஸ்டர் ஒன்று விரித்திருந்தது. திங்கட்கிழமை சிட்னியில் நடக்கும் மாநாட்டுக்குப் போகவேண்டியது. மேலே என்சைமின் பெயர். மற்ற பிள்ளைகளுக்கு வீட்டு நாயின் பெயர்போல எனக்குப் பழகிய பெயர். அதன் கீழே, ஆய்வு செய்தவர்களாக ஐந்து பெயர்கள். இரண்டு முறை படித்தேன். அம்மாவின் பெயர் இல்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். அம்மா குளிர் அறையில் இருந்தபோது, அடிக்குச்சியால் அளந்து, ஐந்தாவது பெயருக்குப் பக்கத்தில் தாத்தாவின் இனிஷியலோடு அவள் பெயரை அதே உயரத்தில் எழுதினேன்.

முதலில் பார்த்தவர் பேராசிரியர். என் எழுத்து அழகாக இருப்பதாகப் புன்னகையோடு சொன்னார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் அதைத் துடைத்துவிடும்படி தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். அம்மா மன்னிப்புக் கேட்டாள். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"யார் சொல்லி எழுதின?"

"யாரும் சொல்லல. விட்டுப்போச்சுன்னு எழுதினேன்."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு முறை இழுத்தாள். பெயர் போய்விட்டது.

"அழியாதுன்னு சொன்னியே?"

"தண்ணிக்குத்தான் அழியாது."

சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பியபோது அம்மாவின் கையில் ஒரு கனமான பை இருந்தது. அப்பா காபி கலந்துகொண்டே, "என்ன டாக்டரம்மா, உன் என்சைம் சிட்னிக்குக் கிளம்பிடுச்சா?" என்றார்.

"கிளம்பிடுச்சு. டிக்கெட்ல என் பேர்தான் இல்ல."

அப்பா சிரிக்கவில்லை. நான் டைரியில், "போஸ்டரைக் கெடுத்தேன். அம்மா திட்டவில்லை" என்று எழுதினேன்.

மறுநாள் காலை, காபிகூடக் குடிக்காமல், அம்மா பையிலிருந்து ஏழு நோட்டுகளை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கினாள். குளிர் அறையில் நின்று எழுதிய ஆய்வு நோட்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் பெயரின் முதலெழுத்துகள் மட்டும், பென்சிலில். மூடியைக் கழற்றிக் கறுப்புப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"எல்லாத்துலயும் முதல் பக்கத்துல எழுது. நேத்து எழுதின மாதிரியே."

"இதுவும் அழிஞ்சிடுமா?"

"பேப்பர்ல ஊறிடும். எழுது."

தண்டனை என்றுதான் நினைத்தேன். அதனால் ஒரு எழுத்துகூடக் கோணாமல், அவளுடைய முழுப்பெயரை ஏழு முறை எழுதினேன்.