கருவாட்டு மூடியோடு எண்ணூருக்கு

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். என் வகுப்புப் பெண்கள் யாரேனும் எண்ணூர் போக நேர்ந்தால் உதவுமே என்றுதான் எழுதுகிறேன். நான் தனியாக ரயிலேறியது நைனாவுக்குத் தெரிந்தால் நாளையோடு என் படிப்பு நின்றுவிடும்.

நைனா காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். புதன்கிழமை பெரிய பம்பின் இரும்பு மூடி விரிசல் விட்டது. திங்களுக்குள் ஓடாவிட்டால் வேலை போய்விடும். எங்கள் வீட்டிலோ சின்ன பம்பின் மூடி ஒன்று கருவாட்டுக் கூடைமேல் பாரமாகக் கிடந்தது. நைனா தாளில் அதே அளவில் வரைந்திருந்த உடைந்த மூடியின் மேல் அதை வைத்துப் பார்த்தேன். ஆறு துளைகளும் பொருந்தின!

"சின்னதோட மூடி பெர்சுக்குத் தாங்காது. தெறிச்சா எவன் தலை போவும்? போய்ப் படிடி" என்றார் நைனா.

அதனால்தான் இன்று, சனிக்கிழமை, தையல் வகுப்பு என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். ராயபுரத்தில் 9.10 வண்டி, கொருக்குப்பேட்டையில் மாறினேன். ஒன்பது மைல், மூன்றரையணா. 10.15க்கு எண்ணூர். அங்கிருந்து மணலில் அரை மைல் நடந்தால் இந்தப் பம்புகளைச் செய்யும் தொழிற்சாலை.

"இன்னா பாப்பா, கருவாடு விக்க வந்தியா?" என்றார் வாயிற்காவலர். நாற்றம் அப்படி!

"மூடிங்க. பெரிய பம்புக்கு இது தாங்குமான்னு கேக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே வரைபட அறைக்கு அழைத்துப் போனார். சுவரில் நான்கு பம்புகளின் படம். பார்த்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. பம்பின் உடல் மட்டும் சிறிதிலிருந்து பெரிதாக வளர்கிறது. மூடி, தண்டு, பேரிங் நான்கிலும் ஒன்றே!

"அப்போ சின்னதுக்கு இவ்ளோ தடிமன் வீண்தானே?" என்று படம் வரைபவரிடம் கேட்டேன்.

"வீண்தான். பெரிசு தாங்கணும்னு கணக்குப் போட்டு, அதையே சின்னதுக்கும் குடுத்துட்டோம். இரும்பு கொஞ்சம் அதிகம் போகும். ஆனா நாலு அச்சு வேணாம், ஒண்ணு போதும்" என்று சொல்லி, மூடியைத் தட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை. 'பெரிய பம்புக்கும் இதுவே' என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கிடைக்காது. மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். திரும்பும் வண்டி 1.20க்கு.

சீட்டைக் காட்டினால் நான் அகப்பட்டுக்கொள்வேன், மறைத்தால் நைனாவுக்கு வேலை போகும். சாயங்காலம் மூடியையும் சீட்டையும் அவருடைய கருவிப் பைமேல் வைத்துவிட்டேன். படித்துப் பார்த்தார். பையோடு கம்பெனிக்குப் போனார். இரவு மணி பதினொன்று, இன்னும் வரவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள்.

"எண்ணூருக்கு யார் கூடடி போனே? தொற! பம்பு ஓடிக்கினு கீது, தொறடி!"

நைனாதான். இதை எங்கே ஒளிப்ப